வெளியார் எழுதிய ஜாவாஸ்கிரிப்டை நம் தளத்தில் ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு இணையக் கடை அமைத்துத் தரும் வேலை எங்களுடையது. அல்வா, கருப்பட்டி, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், குற்றாலத்து லாட்ஜ் என்று எல்லா வகை ஆட்களும் எங்களிடம் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளும், எங்கள் தளத்துக்கு பிளக்இன் (கடையில் புது வசதி சேர்க்கும் சின்ன நிரல்) எழுத வரும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். கடைக்காரர்கள் முதல் பாதியைப் படித்தால் போதும். நிரல் எழுதுகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

"சாட் பெட்டி வைக்க ஒரு வரிதானே அண்ணே, ஒட்டச் சொன்னாங்க, ஒட்டிட்டேன். அதுல என்ன வந்துரப் போவுது?"

அந்த ஒரு வரி பிரவுசரிடம் சொல்வது இதுதான்: இன்னாருடைய சர்வரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) கோப்பு இருக்கிறது, அதை எடுத்து வந்து இங்கே ஓட்டு. கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள். இன்றைக்கு ஒன்று இருக்கலாம், நாளைக்கு வேறொன்று இருக்கலாம், உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஸ்கிரிப்ட் டேக் (நீங்கள் ஒட்டிய அந்த வரி) வழியாக உங்கள் பக்கத்துக்குள் வந்துவிட்டால் உங்கள் நிரல், அவர்கள் நிரல் என்ற பேதமே பிரவுசருக்குக் கிடையாது. வாடிக்கையாளர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது படிக்கலாம், லோக்கல் ஸ்டோரேஜில் (தளம் பிரவுசருக்குள் சேமித்து வைக்கும் இடம்) இருப்பதை எடுக்கலாம், லாகின் செய்தவர் பெயரில் உங்கள் சர்வருக்கே கோரிக்கை அனுப்பலாம், திரையில் இருக்கும் யூபிஐ க்யூஆர் படத்தை மாற்றி வேறொருவருடையதை வைக்கலாம். சாட் பெட்டிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் கடைக்குள் வந்த எல்லோரையும் கல்லாவில் உட்கார வைத்த மாதிரி எல்லா அதிகாரமும் அதற்குப் போய்விடுகிறது.

'ஒரு தளம் இன்னொரு தளத்தைத் தொட முடியாதுன்னு பிரவுசர்லயே சட்டம் இருக்கே' என்று சிலர் கேட்பார்கள். சேம் ஆரிஜின் பாலிசி என்று அதற்குப் பெயர், நல்ல சட்டம்தான். ஆனால் ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை, எந்தப் பக்கத்துக்குள் ஓடுகிறது என்றுதான் பார்க்கும். உங்கள் பக்கத்தில் ஓடினால் அது உங்கள் ஸ்கிரிப்ட்.

இதெல்லாம் நிஜமாகவே நடந்திருக்கிறதா, இல்லை சும்மா பயமுறுத்துகிறீர்களா?

நடந்திருக்கிறது, அதுவும் பெரிய இடங்களில்.

2018இல் டிக்கெட்மாஸ்டரின் பிரிட்டன் தளத்தில் வெளிக் கம்பெனி ஒன்று செய்து கொடுத்த சாட்பாட் ஓடிக்கொண்டிருந்தது, பணம் கட்டும் பக்கத்திலும் சேர்த்து. திருடர்கள் டிக்கெட்மாஸ்டரின் சர்வரைத் தொடவே இல்லை. சாட்பாட்டின் ஸ்கிரிப்டில் கை வைத்தார்கள், அட்டை எண்கள் போயின. 2020 நவம்பரில் பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது, சாட்பாட் கம்பெனிக்கு இல்லை, டிக்கெட்மாஸ்டருக்கு. அதே 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் இருந்த மாடர்னைசர் என்ற நூலகத்தின் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) கோப்பில் வெறும் 22 வரி சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு விழுந்த அபராதம் 2 கோடி பவுண்டு.

எனக்கு அதிகம் கவலை தருவது 2024இல் நடந்த பாலிஃபில்.ஐஓ விவகாரம்தான். பழைய பிரவுசர்களில் புது வசதிகள் வேலை செய்வதற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த வருடம் பிப்ரவரியில் அந்த டொமைன் (இணைய முகவரி) வேறு கம்பெனியின் கைக்குப் போனது, ஜூனில் அந்த ஸ்கிரிப்ட் மொபைலில் வருகிறவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பி அனுப்புவது தெரியவந்தது. எல்லோரையும் அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். சில போன்கள், சில மணி நேரங்கள் மட்டும், தளத்தின் நிர்வாகி மாதிரி தெரிந்தால் ஒன்றும் செய்யாது. அதாவது கடைக்காரர் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், அவருடைய வாடிக்கையாளர்தான் மாட்டுவார். டேக்கை ஒட்டிய நாளில் அந்த ஸ்கிரிப்ட் நல்லதாகத்தான் இருந்தது.

பணம் வாங்குவது பேமென்ட் கம்பெனியின் பக்கத்தில். அப்புறம் எனக்கு என்ன?

அது நல்ல ஏற்பாடு, மாற்றாதீர்கள். ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஆளை அனுப்பும் பொத்தான் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது. கெட்ட ஸ்கிரிப்ட் அந்தப் பொத்தானின் முகவரியை மாற்றலாம், இல்லை அதற்கு முன்னாலேயே ஒரு போலிப் படிவத்தைக் காட்டி அட்டை எண்ணைக் கேட்கலாம். 2022 அக்டோபரிலிருந்து கடைகள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி வந்துவிட்டது, அதனால் சர்வரில் திருட அதிகம் இல்லை. தட்டும்போதே திருடுகிறவனுக்கு அந்த விதி தடையில்லை. போதாததற்குப் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் உங்கள் பக்கத்திலேயே வாங்குகிறீர்கள்.

என் தளத்தில் என்னவெல்லாம் ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

கம்ப்யூட்டரில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய் ஜேஎஸ் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். டொமைன் என்ற பத்தி தெரியாவிட்டால் தலைப்பில் வலது கிளிக் செய்து வரவழையுங்கள். உங்கள் பெயர் இல்லாத ஒவ்வொரு டொமைனும் வெளியாள்.

குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவரோடு இதைச் செய்து பார்த்தபோது கிடைத்த பட்டியல் இது: அறை பதிவுக் காலண்டர், வரைபடம், சாட் பெட்டி, பார்வையாளர் கணக்கு எடுப்பவை இரண்டு, எப்போதோ ஒரு சீசனில் கொடுத்த விளம்பரத்துக்காக வைத்த டிராக்கர், அந்த டிராக்கர் தானாகவே கூட்டி வந்த இன்னும் சில. முதல் மூன்றுதான் அவருக்குத் தெரியும். மற்றதை ஒட்டியவர் யார் என்றே அங்கே யாருக்கும் நினைவில்லை. வெளியாள் தன்னோடு இன்னொரு வெளியாளைக் கூட்டி வருவான் என்பதைப் பட்டியலைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். டேக் மேனேஜர் (இப்படிப்பட்ட டேக்குகளை ஒரே இடத்திலிருந்து சேர்க்கும் கருவி) வைத்திருந்தால் அதன் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று கண்டிப்பாகப் பாருங்கள். அது கையில் இருக்கிறவர் நிரல் எழுதத் தெரியாமலேயே உங்கள் தளத்தில் எதையும் ஓட்டலாம்.

பட்டியல் எடுத்தாச்சு. இப்போ என்ன செய்ய?

தேவையில்லாததைத் தூக்கி எறியுங்கள், பெரும்பாலும் பாதி போய்விடும். பணம் கட்டும் பக்கம், லாகின் பக்கம் இரண்டிலும் வெளியார் ஸ்கிரிப்ட் ஒன்றுகூட வேண்டாம், சாட் பெட்டியும்தான். அது முகப்பில் இருந்தால் போதும். மாறாத நூலகங்களை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெக்ரிட்டி என்று ஒன்று போடச் சொல்கிறார்களே?

போடுங்கள். ஸ்கிரிப்ட் டேக்கில் அந்தக் கோப்பின் ஷா-384 ஹாஷை (உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான எழுத்துத்தொடர்) எழுதி வைத்தால், வருகிற கோப்பு ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிரவுசர் ஓட்டாது. ஆனால் பதிப்பு எண்ணோடு, மாறாமல் வரும் கோப்புக்குத்தான் இது உதவும். சாட் பெட்டி, விளம்பரம் மாதிரி அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றும் கோப்புக்குப் போட்டால் அவர்கள் அடுத்து மாற்றும் நாளில் நின்றுபோகும். பாலிஃபில்.ஐஓ ஒவ்வொரு பிரவுசருக்கும் வேறு வேறு கோப்பு அனுப்பியது, அதனால் அங்கே ஹாஷ் போடவே வழியில்லை. அப்படிப்பட்ட சேவையைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி?

எங்கிருந்து ஸ்கிரிப்ட் வரலாம், பக்கத்திலிருந்து எங்கே தகவல் போகலாம் என்று சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு (ஹெடர்) அது. முதலில் ரிப்போர்ட் ஒன்லி (தடுக்காமல் தகவல் மட்டும் சொல்லும்) முறையில் வைத்து எது எது மாட்டுகிறது என்று சில நாள் பார்த்துவிட்டு, அப்புறம் நிஜமாகவே தடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், நீங்கள் அனுமதித்த டொமைனே கெட்டுப்போனால் இது காப்பாற்றாது.

எழுதினது நம்ம ஊர்ப் பையன்தான், நல்லாத் தெரியும். அவனையுமா சந்தேகப்படணும்?

அவனை நானும் சந்தேகப்படவில்லை. அவனுடைய லேப்டாப், அவன் மெயில் பாஸ்வேர்டு, அவன் பயன்படுத்திய நூறு நூலகங்கள், இவை எல்லாவற்றுக்கும் அவன் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? நல்ல பையன் எழுதிய பிளக்இனுக்கும் கெட்டவன் எழுதியதற்கும் ஒரே வேலிதான் போட வேண்டும். அது அவனுக்கும் பாதுகாப்பு, நாளைக்கு ஏதாவது நடந்தால் பழி அவன் மேல் விழாது.

பிளக்இன் நிரல் முழுவதையும் படித்துப் பார்த்து, ஆபத்தான வார்த்தைகளைத் தடுத்துவிட்டால் போதாதா?

போதாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன், ஏனென்றால் பிளக்இன் தளம் கட்ட நினைக்கும் எல்லோரும் முதலில் போகிற பாதை இதுதான்.

2005இல் மைஸ்பேஸ் தளம் பயனர்கள் எழுதுவதில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையே வடிகட்டி வைத்திருந்தது. சாமி கம்கர் என்ற இளைஞர் அந்தச் சொல்லின் நடுவே ஒரு வரி முறிவைப் போட்டார். வடிகட்டிக்குத் தெரியவில்லை, பிரவுசர் சேர்த்துப் படித்துக்கொண்டது. அவர் எழுதியது ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்குத் தானே தொற்றி, 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவியது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படிப்பட்ட மொழி. சதுர அடைப்பு, வளைவு அடைப்பு, ஆச்சரியக்குறி, கூட்டல் குறி என்ற ஆறே எழுத்துகளை வைத்து எந்த நிரலையும் எழுதிவிடலாம். வெளியே கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் என்ற சொல்லைத் தடுத்தால் அதை இரண்டு துண்டாக ஒட்டி உருவாக்குவார்கள். பக்கம் முழுவதையும் தொட வழி தரும் விண்டோ என்ற பெயரை மறைத்து வைத்தால், ஏதாவது ஒரு ஃபங்ஷனின் கன்ஸ்ட்ரக்டர் வழியாக அதையே பிடிப்பார்கள்.

படித்துப் பார்ப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் படிக்கிறோம், பிழைகள் கிடைக்கும், எழுதியவருக்கும் நல்லது. ஆனால் படித்ததை நம்பி வேலியை எடுத்துவிடக் கூடாது.

அப்போ நீங்க எப்படித்தான் ஓட்டுறீங்க?

நிரல் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கும் வேலையை விட்டுவிட்டு, கெட்டதாகவே இருந்தாலும் அதன் கைக்கு எது எட்டும் என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்கிறோம். ஒவ்வொரு பிளக்இனும் தனி ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பெட்டி) ஓடும். அந்த ஐஃப்ரேமில் சாண்ட்பாக்ஸ் பண்பு (உள்ளே ஓடுவதன் உரிமைகளைக் குறைக்கும் அமைப்பு) இருக்கும், அதில் நிரல் ஓட அனுமதிக்கும் அலோ-ஸ்கிரிப்ட்ஸ் மட்டும் இருக்கும். கோப்புகள் வருவதும் எங்கள் முக்கிய டொமைனிலிருந்து இல்லை, இதற்கென்றே வாங்கிய வேறு டொமைனிலிருந்து. துணை டொமைன் போதாதா என்று கேட்காதீர்கள். குக்கீ (லாகின் போன்றதை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் வைக்கும் குறிப்பு) விஷயத்தில் துணை டொமைனும் தாய் டொமைனும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளமும் பயனர் பக்கங்களை 2013இல் கிட்ஹப்.ஐஓ என்ற தனி டொமைனுக்கு மாற்றியது இதனால்தான்.

தீபாவளிக்கு ஒரு அல்வாக் கடைக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிய சலுகை பிளக்இனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினால் காரச்சேவு இலவசம், அவ்வளவுதான் கணக்கு. முதலில் வந்த வடிவத்தில் முழு ஆர்டரையும் கேட்டிருந்தார்கள், பெயரும் முகவரியும் அதற்குள் இருந்தன. இந்தக் கணக்குக்கு என்ன தேவை? பொருள் எண், எடை, விலை. அதை மட்டும் போஸ்ட்மெசேஜ் (பக்கமும் ஐஃப்ரேமும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக உள்ளே அனுப்புகிறோம். வாங்குகிறவர் ராமையன்பட்டியா ராதாபுரமா என்று பிளக்இனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. திரும்பி வருவதும் இரண்டே விஷயம்தான்: சலுகை எண் ஒன்று, வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு வரி. அந்த எண் கடைக்காரர் ஏற்கெனவே பதிந்து வைத்த சலுகைகளில் இருக்கிறதா, இந்த ஆர்டருக்கு அது பொருந்துமா என்று எங்கள் சர்வர் மறுபடி கணக்குப் போடும், ஏனென்றால் பிரவுசரிலிருந்து வரும் எந்த எண்ணையும் வாங்குகிறவரே மாற்றி அனுப்ப முடியும். அந்த ஒரு வரியை டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக வெறும் எழுத்தாக மட்டும் காட்டுகிறோம். வந்ததைப் பக்கத்தின் நிரலாகவே ஏற்கும் இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகப் போட்டால், இவ்வளவு பாடுபட்டு வெளியே நிறுத்திய நிரலை நாமே உள்ளே இழுத்துவிட்ட மாதிரி.

அலோ-சேம்-ஆரிஜின் (ஐஃப்ரேமை அதன் சொந்தத் தளமாகவே நடத்தச் சொல்வது) போடாவிட்டால் என் பிளக்இன் ஓடவே மாட்டேன் என்கிறது, போட்டுவிடலாமா?

உங்கள் சொந்த டொமைனிலிருந்து வரும் ஐஃப்ரேமுக்கு அலோ-ஸ்கிரிப்ட்ஸும் அலோ-சேம்-ஆரிஜினும் சேர்த்துப் போட்டால் உள்ளே ஓடும் நிரல் தாய்ப்பக்கத்தை (ஐஃப்ரேமை வைத்திருக்கும் பக்கம்) தொட்டு, சாண்ட்பாக்ஸ் பண்பையே நீக்கிவிட முடியும். வேலி போட்டும் போடாததும் ஒன்று. பெரும்பாலும் லோக்கல் ஸ்டோரேஜுக்காகத்தான் இதைக் கேட்பார்கள். அதற்குப் பதிலாகச் சேமித்து வைக்க ஒரு மெசேஜ் கொடுங்கள், தாய்ப்பக்கம் அந்த பிளக்இனுக்கென்று தனியாகச் சேமித்துக் கொடுக்கட்டும், அளவு வரம்போடு.

மெசேஜ் வரும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?

சாண்ட்பாக்ஸ் ஐஃப்ரேமிலிருந்து வரும் மெசேஜில் ஆரிஜின் (எங்கிருந்து வந்தது என்ற விவரம்) நல் (null, அதாவது வெற்று) என்றுதான் இருக்கும். இணையத்தில் இருக்கும் எந்த சாண்ட்பாக்ஸ் பக்கத்துக்கும் அதே நல்தான், அதனால் அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. மெசேஜின் சோர்ஸ் நீங்கள் உருவாக்கிய அந்த ஐஃப்ரேமின் கன்டென்ட்விண்டோதானா என்று ஒப்பிடுங்கள். இன்னும் நல்லது, தொடக்கத்திலேயே மெசேஜ்சேனல் (இருவருக்கு மட்டுமான பேச்சுக் குழாய்) ஒன்றை உருவாக்கி அதன் ஒரு முனையை (போர்ட்) கொடுத்துவிட்டு, அப்புறம் எல்லாப் பேச்சும் அதன் வழியாகவே நடக்கட்டும். வடிவம், நீளம், வகை மூன்றையும் பாருங்கள். பொருந்தாததைத் திருத்தி ஏற்காமல் தூக்கிப் போடுங்கள்.

பிளக்இன் முடிவில்லாத லூப்பில் மாட்டினால்?

கம்ப்யூட்டர் குரோமில் வேறு தளத்து ஐஃப்ரேம் தனி ப்ராசஸில் ஓடும், தாய்ப்பக்கம் உறையாது. ஆனால் நம் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் குறைந்த விலை ஆண்ட்ராய்டு போனில் வருகிறவர்கள். 2019இல் இந்தப் பிரிப்பு ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது குறைந்தது 2 ஜிபி ராம் இருக்கும் போன்களில், பாஸ்வேர்டு கொடுக்கும் தளங்களுக்கு மட்டும்தான் வந்தது. அதை நம்பிக் கட்டக் கூடாது. அதனால் ஐஃப்ரேமுக்குள் எங்கள் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஒரு வெப் வொர்க்கரை (திரைக்குப் பின்னால் தனியாக நிரல் ஓட்டும் வசதி) திறந்து, பிளக்இனை அதற்குள் ஓட்டுகிறது. குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் வொர்க்கரை டெர்மினேட் செய்துவிடலாம், சலுகை காட்டாமலேயே ஆர்டர் நடக்கும். ஐஃப்ரேம் இல்லாமல் வொர்க்கர் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். வொர்க்கரால் திரையைத் தொட முடியாது, சரி, ஆனால் உங்கள் ஆரிஜினில் இருந்தால் உங்கள் இன்டெக்ஸ்டுடிபியை (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளம்) தொடலாம், லாகின் குக்கீயோடு உங்கள் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பலாம்.

ஐஃப்ரேமுக்குள் இருந்து தகவல் வெளியே போகாதா?

போகும், தடுக்காவிட்டால். ஐஃப்ரேம் பக்கத்தை அனுப்பும் ஹெடரிலேயே கனெக்ட்-எஸ்ஆர்சி (கோரிக்கைகள்), ஐஎம்ஜி-எஸ்ஆர்சி (படங்கள்) எல்லாவற்றையும் மூடுங்கள். படம் ஏற்றும் முகவரியிலும் தகவலை ஒட்டி அனுப்பலாம். அப்படியும் ஒரு வழி இருக்கிறது: ஐஃப்ரேம் தன்னைத்தானே வேறு முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம், அந்த முகவரியில் தகவல் ஒட்டியிருக்கும். தாய்ப்பக்கத்தின் ஃப்ரேம்-எஸ்ஆர்சி (ஐஃப்ரேமில் எந்த முகவரிகள் வரலாம்) வரம்பு அதைப் பிடிக்கும். இவ்வளவு செய்தாலும் இந்தத் தடுப்புகளில் ஓட்டை வருவது சகஜம். போனால் பரவாயில்லை என்கிற தகவலை மட்டும் உள்ளே கொடுப்பதுதான் உறுதியான வழி.

ஐஃப்ரேம் இல்லாமல் வேறு வழி?

உண்டு, கடினம். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியின் ஆட்கள் 2019இல் பிளக்இன் வசதி கொண்டு வந்தபோது ஒரே பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்து வைக்கும் ரியல்ம்ஸ் என்ற முறையை எடுத்தார்கள். அதில் பாதுகாப்பு ஓட்டைகள் தெரியவந்ததும், குவிக்ஜேஎஸ் என்ற சிறிய எஞ்சினை வெப்அசெம்ப்ளியாக (பிரவுசரில் ஓடும் இன்னொரு நிரல் வடிவம்) மாற்றி அதற்குள் பிளக்இனை ஓட்டத் தொடங்கினார்கள். அந்த எஞ்சினுக்குள் பிரவுசர் என்ற ஒன்றே தெரியாது, நாம் கொடுத்தால்தான் உண்டு. வேகம் குறையும், ஆனால் பாதுகாப்பு நன்றாக இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டே கொடுக்காமல் இருப்பதும் ஒரு வழிதான். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, வாடிக்கையாளர்கள் எழுதிக்கொள்ள டெலூஜ் என்ற சொந்த ஸ்கிரிப்ட் மொழியைத் தருகிறது. வரம்பு மொழியிலேயே வந்துவிடும்.

சர்வரில் நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் மென்பொருள்) இருக்கே, அதில் நிரலைத் தனியாக ஓட்டும் விஎம் மாட்யூல் வைத்து ஓட்டலாமா?

கூடாது. அது பாதுகாப்புக்கான வழி இல்லை, நம்பாத நிரலை அதில் ஓட்டாதே என்று நோட்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அதன் மேல் கட்டிய விஎம்2 என்ற நூலகத்தில் தப்பிக்கும் வழிகள் தொடர்ந்து கிடைத்ததால் 2023இல் அதை எழுதியவரே கைவிட்டார். தனி மெய்நிகர் இயந்திரம், குறைந்தபட்சம் உரிமைகள் குறைத்த தனி ப்ராசஸ், நெட்வொர்க் இல்லாமல், இப்படித்தான் ஓட்ட வேண்டும்.

என்பிஎம் (ஆயத்த நிரல்களை இறக்கித் தரும் களஞ்சியம்) பேக்கேஜும் வெளியார் நிரல்தானே?

ஆமாம், அதுவும் வேலிக்கு உள்ளேயே வந்து உட்காரும் வகை. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜைப் பராமரிக்க நேரமில்லாத சொந்தக்காரர், உதவுகிறேன் என்று வந்தவரிடம் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்து நிரலைச் சேர்த்தார். 2025 செப்டம்பரில் சாக், டீபக் உள்ளிட்ட பேக்கேஜ்களைப் பராமரிப்பவர் ஒரு போலி மெயிலில் ஏமாந்ததால், வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறங்கும் பேக்கேஜ்களில் நச்சு கலந்தது. லாக் கோப்பை (எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று பதிந்த பட்டியல்) கிட்டில் வையுங்கள், பில்டில் அந்தப் பட்டியலின்படியே இறக்கும் என்பிஎம் சிஐ பயன்படுத்துங்கள், புதுப் பதிப்பு வந்த அன்றே ஏற்றாதீர்கள். பத்து வரியில் நீங்களே எழுதக்கூடியதற்கு பேக்கேஜ் வேண்டாம்.

தகவல் போய்விட்டால் சட்டப்படி பொறுப்பு யாருக்கு?

2023ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளரின் தகவலை வாங்கும் கடைக்குத்தான் பொறுப்பு, வேலையை வேறொரு கம்பெனியிடம் கொடுத்திருந்தாலும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லையென்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அட்டைக் கம்பெனிகளின் பிசிஐ விதிகளும், பணம் கட்டும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியலும் காரணமும் வேண்டும் என்பதை 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கின்றன.

ஒரு பிளக்இன் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா முதல்ல என்ன செய்யணும்?

நிறுத்துங்கள். அதற்கு முன்கூட்டியே ஒரு சுவிட்ச் வேண்டும்: எல்லாக் கடைகளிலும் அந்த பிளக்இனை ஒரே இடத்திலிருந்து அணைக்கிற மாதிரி, புதிதாக நிரலை ஏற்றாமல், போனிலிருந்தே. திருவிழா அன்றைக்கு ராத்திரி நடந்தாலும் அணைக்க ஆள் இருக்க வேண்டும். அப்புறம் அந்த நேரத்து லாக்குகளை (என்ன நடந்தது என்ற பதிவுகள்) அழியாமல் எடுத்து வையுங்கள், லாகின்களை எல்லாம் ரத்து செய்து மறுபடி நுழையச் சொல்லுங்கள், அந்த பிளக்இனுக்கு என்னென்ன மெசேஜ் அனுப்பப்பட்டது என்று பாருங்கள். மேலே சொன்னபடி குறைவாகக் கொடுத்திருந்தால் இந்தப் பட்டியல் சின்னதாக இருக்கும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2022 முதல் இருக்கும் உத்தரவு. பாதிக்கப்பட்ட கடைக்காரர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அண்ணாச்சிகள் மெயில் பார்ப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள்.